வாயில்லா ஜீவன்களுக்கு உங்கள் பணம்: எங்கே, எப்படிக் கொடுப்பது?

(நமது மின்னிதழ் வாசகர்களுக்காக இணையவழியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு போனைக் கையில் எடுக்கிறீங்க. வாட்ஸ்அப்பில் ஒரு படம். பின்னங்கால் நசுங்கிய நாய், கண்ணோரம் ஈரம். கீழே ‘அவசரம், ஆபரேஷனுக்குப் பணம் தேவை, முடிந்தவர்கள் உதவுங்கள், முடியாதவர்கள் ஷேர் செய்யுங்கள்’ என்று நாலு வரி. அதற்கும் கீழே ஒரு க்யூஆர் கோடு. மனசு கேட்காது. ஐந்நூறு ரூபாய் அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். அந்த நாய் பிழைத்ததா, அந்தப் பணம் எங்கே போனது, அந்தப் படமே போன வருஷத்துப் படமா என்பதெல்லாம் நமக்குத் தெரியவே தெரியாது.

நான் செய்தி மக்கள் தொடர்புத் துறையில் வேலை பார்க்கிறேன், இந்த இதழுக்கு எழுதுகிறேன். ‘எந்த அமைப்புக்குக் கொடுக்கலாம், நீங்களே ஒரு பெயர் சொல்லுங்க’ என்று வாசகர்கள் கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். அரசு இதழில் உட்கார்ந்துகொண்டு ஒரு தனியார் அமைப்பைச் சிபாரிசு செய்வது சரியாக இருக்காது. அதோடு, கோயம்புத்தூரில் இருக்கிறவருக்குத் திருநெல்வேலிக் காப்பகத்தின் பெயர் எதற்கு? உங்கள் ஊரில் உங்கள் பணத்துக்குத் தகுந்த இடத்தை நீங்களே கண்டுபிடிக்க முடியும். கையில் இருக்கிற அதே போன் போதும். அதற்கான வழியைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கணும். ‘விலங்கு நல அமைப்பு’ என்று ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் உள்ளே நடக்கிற வேலை வேறு வேறு. அடிபட்டதைத் தூக்கிவந்து சிகிச்சை செய்கிறவர்கள் உண்டு. கைவிடப்பட்டதைக் கடைசிவரை வைத்துப் பராமரிக்கிற காப்பகங்கள் உண்டு. தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடுகிறவர்கள் உண்டு. கோசாலைகள் உண்டு. சட்டத்துக்காக, கோர்ட்டுக்காக அலைகிறவர்கள் உண்டு. இவற்றில் முதல் இரண்டும் போட்டோவில் நன்றாக விழும். மூன்றாவதைப் படம் எடுத்தால் என்ன தெரியும்? மயக்கத்தில் படுத்திருக்கிற ஒரு நாய், பச்சைத் துணி, காதில் ஒரு சின்ன வெட்டு அடையாளம். யாரும் ஷேர் பண்ண மாட்டார்கள். ஆனால் தெருவில் பிறந்து, பால் கிடைக்காமல், லாரியில் அடிபட்டுச் சாகப் போகிற குட்டிகள் பிறக்காமலே இருப்பதற்கு அந்த வேலைதான் காரணம்.

இதில் நம் சென்னைக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சிபாரிசாகச் சொல்லவில்லை, வரலாறு என்பதால் பெயரோடு சொல்கிறேன். விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் குடும்பத்தாரும் 1959-இல் இங்கே புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் தெருநாய் என்றால் மாநகராட்சி வண்டி வரும், பிடிக்கும், கொல்லும். பிரிட்டிஷ்காரர்கள் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். கொல்லக் கொல்ல நாய் குறையவில்லையே, அப்படியானால் வழி தப்பு என்று யோசித்து, 1964-இலேயே கருத்தடையும் தடுப்பூசியும் என்ற முறையை அவர்கள் கையில் எடுத்தார்கள். மாநகராட்சி கொல்வதை நிறுத்திவிட்டு இந்த முறைக்கு மாறியது எப்போது தெரியுமா? 1996. முப்பத்திரண்டு வருஷம். 2001-இல் மத்திய அரசு அதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்.

முப்பத்திரண்டு வருஷம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்த வேலைக்கு நன்கொடை கொடுத்தவர்களுக்கு ‘உங்கள் பணத்தில் இந்த நாய் பிழைத்தது’ என்று காட்ட ஒரு படமும் இருந்திருக்காது. ஆனால் அந்தப் பணம் ஒரு நாட்டின் விதியையே மாற்றுகிற வேலைக்குப் போயிருக்கிறது.

சரி, விதி வந்துவிட்டது, நாய் குறைந்துவிட்டதா என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. 2024-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி சென்னையில் மட்டும் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அதில் கருத்தடை ஆனவை நூற்றுக்கு 27 மட்டுமே. அதே 2024-இல் தமிழ்நாடு முழுக்கப் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம். வெறிநாய்க்கடியால் இறந்தவர்கள் 43 பேர். அறிகுறி தெரிந்துவிட்டால் ரேபிஸுக்கு மருந்து கிடையாது. ஆகவே இது நாய்ப் பிரியர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லைங்க. நாயைப் பார்த்தாலே தெரு மாறிப் போகிறவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். ஒரு பகுதியில் நூறு நாய் இருக்கு, முப்பதுக்குக் கருத்தடை ஆச்சு என்று வையுங்க. மீதி எழுபது வருஷத்துக்கு இரண்டு தடவை குட்டி போட்டால், அந்த முப்பது போன இடம் தெரியாது. வெறிநோய் பரவலை அறுக்க ஒரு பகுதியில் இருக்கிற நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போய்ச் சேரணும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் ‘நாங்கள் இந்த வருஷம் ஐந்நூறு நாய்க்குக் கருத்தடை செய்தோம்’ என்று ஒரு அமைப்பு சொன்னால் உடனே கை தட்டாதீங்க. ‘எந்த வார்டில்? அந்த வார்டில் மொத்தம் எத்தனை நாய்?’ என்று கேளுங்க. ஊர் முழுக்கச் சிதறி ஐந்நூறு செய்தால் அது கிட்டத்தட்ட வீண். ஒரே பகுதியில் எண்ணி, பிடித்து, முக்கால்வாசியைத் தாண்டினால் அடுத்த வருஷம் அந்தத் தெருவில் குட்டிகளைப் பார்க்க மாட்டீங்க. கேள்விக்குப் பதில் தெரிந்த அமைப்பு, போகிற போக்கில் சொல்லிவிடும். இந்த வேலையைச் செய்ய இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரமும் வேண்டும், உள்ளாட்சி அமைப்போடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். ‘நாங்களே ரகசியமாகப் பண்றோம்’ என்றால் தள்ளி நில்லுங்க.

இந்த வாரியம் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி 1962-இல் உருவானது. முதல் தலைவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர். வாரியத்தின் தலைமையகம் பல காலம் சென்னையில்தான் இருந்தது, பிறகுதான் ஹரியானாவுக்குப் போனது. இன்றைக்கு நம்ம ஊரில் ஆடு மாடுக்கு அவசரம் என்றால் கூப்பிடுகிற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணும் 1962. தற்செயலோ என்னவோ, ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.

அடுத்து காப்பகங்கள். இந்த இடத்தில் நான் சொல்லப் போவது சிலருக்குப் பிடிக்காது.

ஒரு காப்பகத்துக்கு போன் செய்து ‘எங்கள் தெருவில் ஒரு நாய் இருக்கு, வந்து கொண்டுபோங்க’ என்கிறீங்க. அவர்கள் ‘இடமில்லைங்க’ என்கிறார்கள். உடனே நமக்குக் கோபம். ‘விலங்கு நலம் என்று போர்டு மட்டும் பெரிசா மாட்டியிருக்கீங்க’ என்று கூகுளில் ஒரு ஸ்டார் கொடுத்துவிடுகிறோம். என் கருத்து என்னவென்றால், அந்த ‘இடமில்லை’தான் நல்ல காப்பகத்துக்கு முதல் அடையாளம். இருபது கூண்டில் எண்பது நாயை அடைத்தால் என்ன ஆகும்? பார்வோ வைரஸ், டிஸ்டெம்பர் என்று இரண்டு நோய் இருக்கு. தடுப்பூசி போடாத குட்டிகள் நடுவே ஒரு நோயாளிக் குட்டி வந்து சேர்ந்தால் ஒரு வாரத்தில் ஒரு கூடமே காலியாகிவிடும். புதிதாக வருவதைத் தனியாக வைத்துக் கவனிக்க ஓர் அறை வேண்டும். அதற்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும். எதையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டே போகிறவர் நல்ல மனசுக்காரராக இருக்கலாம். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பது பட்டினியும் நோயும்தான் என்றால், அதற்குப் பணம் கொடுத்துக் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிடுவது நாம்தான்.

இனிமேல் இந்த நெருக்கடி கூடத்தான் போகிறது. பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் மாதிரியான இடங்களில் இருக்கிற தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்றச் சொல்லி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இடம் கேட்டு வருகிற விண்ணப்பங்களும் நன்கொடை கேட்டு வருகிற போன்களும் கூடும். புதிய போர்டுகளும் முளைக்கும். தமிழ்நாடு அரசும் கைவிடப்பட்ட, காயப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கிற தொண்டு நிறுவனங்களுக்கு உதவுவதற்காக ‘வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள்’ என்ற திட்டத்தை 2022-23 பட்ஜெட்டில் அறிவித்து 20 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசு உதவி ஒரு பக்கம். பொதுமக்கள் கொடுக்கிற பணம் இன்னொரு பக்கம். அதற்குக் கணக்குக் கேட்க வேண்டியது கொடுக்கிறவர்கள்தான்.

இந்த உரைக்காகச் சில காப்பகங்களுக்கு போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டேன். ‘போன மாதம் எத்தனை வந்தது, எத்தனை தத்துப் போனது, எத்தனை இறந்தது?’ ஓர் இடத்தில் ‘அதெல்லாம் வெளியில் சொல்றதில்லை’ என்றார்கள். இன்னோர் இடத்தில் போனை எடுத்த அக்கா, ‘இருங்க தம்பி, நோட்டைப் பார்த்துச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டு, இறந்தவற்றின் எண்ணிக்கையையும் எதனால் என்பதையும் வரிசையாகப் படித்தார். எண்ணிக்கை சின்னதில்லை. லாரி ஏறியதெல்லாம் பிழைக்குமா? ஆனால் இறந்ததை எழுதி வைத்திருக்கிற நோட்டு இருக்கிறதே, அதைத்தான் நான் நம்புவேன். ‘எங்களிடம் வந்த எல்லாமே பிழைத்தது’ என்று சொல்கிற இடம் ஒன்று கணக்கு வைக்கவில்லை, இல்லை என்றால் கஷ்டமான கேஸ்களை எடுப்பதில்லை.

சரி, போனில் செய்யக்கூடிய சோதனைக்கு வருவோம். பத்து நிமிஷ வேலை.

க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தவுடன் பின் நம்பர் போடுவதற்கு முன்னால் திரையில் ஒரு பெயர் வரும். அது வங்கிக் கணக்கில் உள்ள பெயர். போஸ்டரில் அறக்கட்டளை பெயர் போட்டிருந்து, திரையில் ஒரு தனி மனிதர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்க. அதற்காக அவர் ஏமாற்றுக்காரர் என்று அர்த்தம் இல்லை. தெருவில் தினமும் சோறு வைக்கிற, சொந்தக் காசில் ஆட்டோ பிடித்து நாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஆட்கள் நம் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறக்கட்டளை கிடையாது, சொந்தக் கணக்குதான். அப்படிப்பட்டவருக்கு உதவ நினைத்தால் ஒரு வழி இருக்கு: எந்த கிளினிக்கில் சிகிச்சை நடக்கிறது என்று கேட்டு, அந்த கிளினிக்குக்கு போன் செய்து விசாரித்து, பில்லுக்கான பணத்தை நேராக அங்கேயே கட்டிவிடுங்க. உண்மையான ஆள் சந்தோஷப்படுவார். பொய்யான ஆள் ‘எனக்கே அனுப்புங்க, நான் கட்டிக்கிறேன்’ என்பார்.

அமைப்பு என்று சொன்னால் பதிவு இருக்கணும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம், சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு எண். நிதி ஆயோக்கின் ‘என்ஜிஓ தர்ப்பண்’ தளத்தில் மாநிலம், மாவட்டம் வாரியாகத் தேடினால் பதிவு செய்துள்ள அமைப்புகளின் பெயரும் பொறுப்பாளர்கள் விவரமும் வரும். விலங்குகள் நல வாரியத்தின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியல் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை வாங்குகிற அமைப்பு என்றால் உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ தளத்தில் ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்ற கணக்கே 2022 வரை போட்டிருந்தது. ஒன்றை மறக்காதீங்க: தர்ப்பண் எண் இருப்பது, அரசு சோதித்து ‘நல்ல அமைப்பு’ என்று முத்திரை குத்தியதற்கு அடையாளம் ஆகாது. ‘இப்படி ஒரு அமைப்பு இருக்கிறது’ என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. அந்த எண்ணை போஸ்டரில் பெரிசாகப் போட்டு ‘அரசு அங்கீகாரம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏமாறாதீங்க.

அப்புறம் வரிச் சலுகை. 80ஜி என்று நமக்குப் பழகிப்போன சமாச்சாரம். (2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால் நம் வாயில் இன்னும் கொஞ்ச காலம் 80ஜிதான் இருக்கும்.) ‘80ஜி இருக்கு, கொடுத்ததெல்லாம் வரியில் திரும்பக் கிடைச்சிடும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்த மாதிரி அமைப்புகளுக்குக் கொடுத்ததில் பாதிதான், அதுவும் ஒரு வரம்புக்கு உட்பட்டு, உங்கள் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். பத்தாயிரம் கொடுத்தால் ஐயாயிரம் கழியும். நீங்கள் 20 சதவீத வரி கட்டுகிறவர் என்றால் மிச்சமாவது ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். அதுவும் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்தான். புதிய முறைக்கு மாறியவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது, அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் கிடையாது. கையால் எழுதிய ரசீது மட்டும் போதாது. அமைப்பு உங்கள் பான் எண்ணை வருமான வரித் துறையிடம் பதிவு செய்து, அங்கிருந்து எடுத்துத் தருகிற சான்றிதழ் வேண்டும். இதுவரை 10பிஇ என்ற எண்ணில் வந்த படிவம் அது. என்னைக் கேட்டால், சலுகை வேண்டாதவர்கள்கூட அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கணும். அதைத் தர முடிகிற அமைப்பு வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்கிறது என்று அர்த்தம்.

நன்கொடை திரட்டித் தருகிற இணையதளங்கள் வழியாகக் கொடுத்தால், கடைசிப் பக்கத்தில் ‘டிப்’ என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்து நிற்கும். அது தளத்துக்குப் போகிற காசு. வேண்டாம் என்றால் பூஜ்யமாக்கிவிடலாம். அவசரத்தில் பலர் பார்ப்பதில்லை.

வீடியோக்கள் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒரு நாய்க்குட்டியை மலைப்பாம்பு சுற்றிக்கொண்டிருக்கும், சரியாக அந்த நேரத்தில் ஒருவர் வந்து காப்பாற்றுவார், கேமராவும் சரியான கோணத்தில் தயாராக இருக்கும். இப்படி விலங்குகளை வேண்டுமென்றே ஆபத்தில் தள்ளி ‘மீட்பு’ வீடியோ எடுத்துக் காசு பார்ப்பது உலகம் முழுக்க நடக்கிறது. இதழியல் படிக்கும்போது எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த கேள்வி, ‘இந்தப் படத்தை எடுத்தவர் அங்கே எப்படி வந்தார்?’ என்பது. அதை நீங்களும் கேட்டுப் பாருங்க. முதல் நொடியிலிருந்தே வீடியோ ஓடுகிறதா? எந்த ஊர், எந்தத் தேதி என்று இருக்கிறதா? அதே சேனலில் அதே நாய் வேறு ஒரு கிணற்றிலும் விழுந்திருக்கிறதா? வாட்ஸ்அப்பில் வந்த படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் அது இதற்கு முன்னால் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பெரும்பாலும் காட்டிவிடும். பணம் போய்விட்டது, ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்க. ஐந்நூறுதானே என்று விடுகிற ஆயிரம் பேரை நம்பித்தான் இந்தத் தொழில் ஓடுகிறது.

காட்டு விலங்கு என்றால் இன்னும் கவனம். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு எல்லாம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. ‘காப்பாற்றி வளர்க்கிறோம்’ என்று குரங்குக்குட்டிக்குச் சட்டை மாட்டி ரீல்ஸ் போடுகிற இடத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. வனத் துறைக்குத் தகவல் கொடுங்க. காட்டு விலங்குகளுக்குத்தான் செய்யணும் என்று ஆசை இருந்தால், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் விலங்குகளைத் தத்தெடுத்து அதன் சாப்பாட்டுச் செலவை ஏற்கிற திட்டம் இருக்கிறது.

பொருளாகக் கொடுப்பதிலும் நம் ஆட்கள் தாராளம். பிறந்தநாள், திதி என்றால் கோசாலைக்கு ஒரு குண்டான் நிறையப் பொங்கல், ஒரு தார் வாழைப்பழம். மாடு அசை போடுகிற பிராணி. அதன் வயிறு வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகினது. ஒரே நாளில் நாலு குடும்பம் வந்து சோறும் பொங்கலும் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும், செத்தும் போகும். அகத்திக்கீரைக் கட்டோ தீவனத்துக்கான பணமோ கொடுத்தால் பிரச்சினை இல்லை. கோசாலையில் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று இருக்கிறது: ‘கன்றுக்குட்டிகளில் காளை எங்கே?’ பசு மட்டுமே நிற்கிற இடத்தில், பிறந்த காளைக்கன்றுகள் எங்கே போயின என்று கேட்பதில் தப்பில்லை. பூனைகள் இருக்கிற காப்பகத்துக்கு ஃபினாயில் வாங்கிக் கொடுக்காதீங்க, அதில் இருக்கிற ஃபீனால் பூனைக்கு விஷம். கல்யாண வீட்டு மிச்சப் பிரியாணியும் வேண்டாம். பழைய பெட்ஷீட், துண்டு, சாக்கு, செய்தித்தாள் இதெல்லாம் பெரும்பாலும் தேவைப்படும். எதுவானாலும் போன் செய்து ‘இப்போ என்ன தேவை?’ என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்க. பல இடத்தில் பதில், ‘நாய் கழுவுற ரெண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இல்லைங்க’ என்று வரும். ‘என் காசு நேரா விலங்குக்குத்தான் போகணும், சம்பளத்துக்குப் போகக் கூடாது’ என்று சொல்கிறவர்களை எனக்குப் புரியவில்லை. கூண்டைக் கழுவுகிற ஆள் இல்லாமல் விலங்கு எப்படிப் பிழைக்கும்?

இன்னொன்று, அரசு செய்ய வேண்டிய வேலைக்கு நீங்கள் நன்கொடை கொடுக்க வேண்டாம். சென்னையில் தெருநாய் தொடர்பான புகாருக்கு மாநகராட்சியின் 1913 இருக்கிறது. கருத்தடைக்குப் பிடிக்கச் சொல்லியும் அதிலேயே கேட்கலாம். மற்ற ஊர்களில் உங்கள் நகராட்சி, பேரூராட்சி அலுவலகம். அரசு கால்நடை மருந்தகங்களும், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. தனியார் கிளினிக் பில்லைப் பார்த்து மலைத்துப் போய்ப் பணம் திரட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

எவ்வளவு கொடுப்பது? வருஷத்துக்கு ஒருமுறை ஐயாயிரம் கொடுப்பவரைவிட, மாதம் இருநூறு கொடுப்பவர் காப்பகத்துக்கு அதிகம் பயன்படுவார் என்பது என் எண்ணம். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் பணம் குவியும், ஜூன் மாதத்தில் தீவனக் கடைக்காரர் பாக்கி கேட்டு நிற்பார். இருநூறு ரூபாய் பேர் நூறு பேர் இருந்தால், அடுத்த மாதம் இத்தனை வரும் என்று நம்பி ஒரு ஆளை வேலைக்கு வைக்கலாம், தடுப்பூசியை மொத்தமாக வாங்கலாம். யுபிஐ ஆட்டோபே வைத்துவிட்டால் தானாகப் போய்விடும். பிடிக்கவில்லை என்றால் அதே ஆப்பில் ரத்து செய்துகொள்ளலாம். பத்து இடத்துக்கு ஐம்பது ஐம்பதாகத் தெளிப்பதைவிட, உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்க. ஒரு வருஷம் கொடுத்துப் பாருங்க. அதன் தணிக்கை அறிக்கையைக் கேளுங்க. கேட்டால் முகம் சுளிக்கிறார்களா, மெயிலில் அனுப்புகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

நேரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்க. சொல்லாமல் கொள்ளாமல் போய் ‘சோதனை’ செய்கிறேன் என்று நிற்பது, மயக்க ஊசி போட்டுக்கொண்டிருக்கிற டாக்டருக்கு இடைஞ்சல். போனால் அலுவலக அறையில் டீ குடித்துவிட்டுத் திரும்பாதீங்க. தண்ணீர்த் தொட்டி எப்படி இருக்கிறது, புதிதாக வந்தவற்றுக்குத் தனி அறை இருக்கிறதா, மருந்து வைக்க ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று பாருங்க. தடுப்பூசி குளிரில் இல்லை என்றால் வெறும் தண்ணீர்தான். உங்கள் வீட்டில் தடுப்பூசி போடாத நாய்க்குட்டி இருந்தால், திரும்பி வந்ததும் செருப்பை வாசலுக்கு வெளியிலேயே விட்டு, கை கால் கழுவி, துணி மாற்றிவிட்டு அப்புறம் அதைத் தூக்குங்க. பார்வோ வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும்.